பெயர் ஒட்டாத கிண்ணம்

கேக் கொண்டுபோனால் உரிமை கொண்டாடுவதுபோல் இருக்கும். அதனால்தான் தொட்டுத் தின்கிற டிப் ஒன்று செய்தேன்.

ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி வீடுகளின் கார் ஷெட் கதவு மேலே தூக்கியிருக்கும். காரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே நீள மேஜை போட்டிருப்பார்கள். பள்ளி முடித்த பிள்ளைக்கு விருந்து. தெரிந்தவர்கள் வாழ்த்து அட்டைக்குள் பணம் வைத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். நெருங்கிய சொந்தம் மட்டும் ஒரு பாத்திரத்தோடு வரும். இந்த இரண்டில் நான் யார் என்று பல நாள் யோசித்தேன். பெற்ற பெண்ணுக்கு அட்டைக்குள் பணம் வைத்து நீட்ட மனம் வரவில்லை. மூன்று அடுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கவும் முடியாது. டிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு பொருள், ஒரு கிண்ணம், அடுப்பு வேண்டாம். யார் செய்தது என்று யாரும் கேட்பதும் இல்லை.

"டிப்பா?" என்றாள் என் அக்கா ரோண்டா. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தேன். "பதினெட்டு வருஷம் கழிச்சு பெத்த பொண்ணப் பாக்கப் போற. கையில டிப்பு. கூட ஒரு பாக்கெட் சிப்ஸும் வாங்கிக்கோ."

"ஆப்பிள்."

"என்னது?"

"சிப்ஸ் இல்ல. ஆப்பிள் துண்டு. இது இனிப்பு டிப்."

"ரொம்ப முக்கியம்."

நான் க்ரீம் சீஸைக் கிண்ணத்தில் போட்டு மசித்தேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வேகத்தில் போட்டதால் அது இளகாமல் கட்டி கட்டியாக நின்றது. முன்னதாகவே எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கரண்டியை வைத்துவிட்டு, கிண்ணத்தின் முன் உட்கார்ந்து காத்திருந்தேன். மறுமுனையில் ரோண்டா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் பேசாமல் இருந்தால் அவள் தன் வேலையைப் பார்ப்பாள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

"அவகிட்ட என்ன சொல்லப் போற?" என்றாள் கடைசியில்.

"யோசிக்கல."

"நீயா? காலுறை வாங்கவே ஒரு வாரம் யோசிக்கறவ நீ."

"யோசிச்சா போகமாட்டேன், ரோண்டா."

மறுமுனையில் அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

பதினேழு வயதில் எனக்கு அந்தக் குழந்தை பிறந்தது. சர்ச் வழியாகத் தத்துக் கொடுத்தோம். அந்தக் காலத்து ஏற்பாட்டில் பெயர் கிடையாது, முகவரி கிடையாது, புகைப்படம் கிடையாது. நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துப் போகும்போது நான் பார்த்தது நிறைய முடி மட்டும். முகம் நர்ஸின் தோள் பக்கம் திரும்பியிருந்தது. அதன் பிறகு போன மாதம்தான் ஒரு போன் வந்தது. குழந்தையை வளர்த்த அம்மா, சர்ச்சில் கேட்டு என் எண்ணை வாங்கியிருந்தாள். லினெட் என்று பெயர் சொன்னாள். மெதுவான குரல், ஒவ்வொரு வார்த்தையையும் வைத்துப் பார்த்து எடுப்பவள்போல.

"அனிகாதான் உங்களப் பாக்கணும்னு கேட்டா. வளர்ந்துட்டா, கேக்க உரிமை இருக்கு. நீங்க கட்டாயம் வரணும்னு இல்ல. வந்தீங்கன்னா அவளே வந்து பேசுவா. எல்ம் தெரு. நீலமும் வெள்ளையுமா பலூன் கட்டியிருப்போம், தவறவே மாட்டீங்க."

வீட்டு எண்ணைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சீஸ் இளகிவிட்டது. பழுப்புச் சர்க்கரையும் வெனிலாவும் சேர்த்துச் சர்க்கரை நறநறப்பது போகும்வரை அடித்தேன். கடையில் வாங்கிய டாஃபித் துணுக்குகளைக் கடைசியில் கிளறினேன். பச்சை ஆப்பிள்களை நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சை சோடாவில் நனைத்து எடுத்தேன். பிறகு கிண்ணத்தைத் தலைகீழாகத் தூக்கி அடியைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருடைய பாத்திரத்தின் அடியிலும் இருப்பதுபோல அதிலும் ஒரு காகித டேப், அதில் என் பெயர். விருந்து முடிந்தால் பாத்திரம் வீடு திரும்ப வேண்டுமே. நகத்தால் கீறி அதைப் பிய்த்தெடுத்தேன். அந்த வீட்டு விருந்தாளிகளுக்கு என் பெயர் எதற்கு? பசை மட்டும் போகவில்லை.

இரண்டு மணி நேரப் பயணம். கிண்ணத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிட்டேன். வழி நெடுகச் சோளம் முழங்கால் உயரத்தில் நின்றது.

எல்ம் தெருவில் நீலமும் வெள்ளையுமாகப் பலூன் பார்த்ததும் காரை நிறுத்தினேன். தெருவில் வேறு பக்கம் பார்க்கவே இல்லை. கிண்ணத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலுக்கு நடந்தேன்.

"வாங்க வாங்க! ஐயோ, கையில வேற கொண்டு வந்திருக்கீங்களே, எதுக்கு இதெல்லாம்?" சிவந்த முடியோடு பருத்த பெண்மணி ஒருத்தி ஓடிவந்து கிண்ணத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். மூடியை என் கையில் திணித்தாள். "பொண்ணு இப்ப இங்க இல்ல. தோழி வீட்டுக்கு ஓடிட்டா. இன்னைக்கு எல்லாம் ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் தின்னுட்டுத் திரியுதுங்க. இப்ப வந்துடுவா. சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க."

நான் யாரென்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருக்கிறது, எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். போனில் கேட்ட குரலைவிட இந்தக் குரல் இரண்டு மடங்கு. போனில் எல்லோரும் அடக்கித்தானே பேசுவார்கள்.

பன்றித் தொடைக்கறி வைத்த பன் ரொட்டிக்கும் மிட்டாய்த் தட்டுக்கும் நடுவில் என் கிண்ணம் போய் உட்கார்ந்தது. கேக்கில் பெயர் எழுதியிருந்த பக்கத்தை ஏற்கெனவே தின்று முடித்திருந்தார்கள். சுவரில் தொங்கிய காகிதத் தோரணத்தில் வாழ்த்துகள் என்று மட்டும் இருந்தது. அதன் கீழே, எல்லா விருந்திலும் வைப்பதுபோல, பெரிய அட்டைகளில் பெண்ணின் புகைப்படங்களை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள்.

நான் வந்தது அதற்காகத்தான். கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தேன். பட்டமளிப்புத் தொப்பி. கால்பந்துச் சட்டை. பல் விழுந்த வாய். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தாடை நீளம். ரோண்டாவுக்கு, எனக்கு, எங்கள் அப்பாவுக்கு. அந்தத் தாடையை ஒவ்வொரு படத்திலும் தேடினேன். உருண்டை முகம், சிவந்த முடி, மூக்கு நிறையப் புள்ளிகள். வாசலில் என்னை வரவேற்றவளை அச்சில் வார்த்ததுபோல இருந்தாள். சேர்ந்து வாழ்ந்தால் முகம்கூட வந்துவிடுமா என்று நினைத்தேன். என்னுடையது என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

பிறகு அட்டையின் மூலையில் இருந்த முதல் படத்தைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டில். வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய சிவந்த முடி. கையில் பிளாஸ்டிக் பட்டை. மார்பில், கோடு போட்ட குல்லாய் போட்ட, சிவந்து சுருங்கிய ஒரு குழந்தை. அந்தப் பெண்மணி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

என் மகளை அவள் பெற்றிருந்தாள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்தக் கட்டிலில் நான்தான் கிடந்தேன். அந்தக் கோடு போட்ட குல்லாயை நான்கூடப் பார்த்ததில்லை.

"அதைப் பாக்கறீங்களா!" பெண்மணி என் தோளுக்குப் பின்னாலிருந்து சிரித்தாள். "எவ்வளவு கோரமா இருக்கேன் பாருங்க. விடிய விடிய வலி. டாக்டர் வரல, நர்ஸ் வரல, இந்த மனுஷன் கார்ல தூங்கிட்டாரு."

"தூங்கல, டெப்," என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் தட்டோடு நின்றவர். "கண்ண மூடி ஜெபம் பண்ணேன்."

"குறட்டை விட்டு ஜெபம் பண்ணீங்களா, கோர்டி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், முகம் அப்படி இழுபட்டது தெரிந்தது. டெப் என்று கூப்பிடுகிறார்களே, லினெட் அல்லவா என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. ஆனால் போனில் மாற்றுப் பெயர் சொன்னாள் போலிருக்கிறது என்றுதான் என் மனம் அதைக் கணக்குப் பண்ணியது. தான் பெற்றதுபோல் படமே எடுத்து வைத்தவளுக்குப் பெயரை மாற்ற எவ்வளவு நேரமாகும்?

பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, "பெத்தவளுக்குத்தானே தெரியும் அந்தப் பாடு, இல்லையா?" என்றாள்.

அதை அவள் எனக்காகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. இத்தனை பேர் முன்னால், என் முகத்தைப் பார்த்து: நான் பெற்றேன், ஊர் அப்படித்தான் நம்புகிறது, நீ வந்து பார்க்கலாம், சாப்பிடலாம், வாயைத் திறக்காதே. இப்படி ஒரு நிபந்தனையைச் சொல்லவா என்னை இவ்வளவு தூரம் வரவழைத்தாள்?

"ஆமா," என்றேன். "பெத்தவளுக்குத்தான் தெரியும்."

தெருவைப் பார்த்துப் போட்டிருந்த மடக்கு நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். டிப் கிண்ணத்தின் மூடி இன்னும் என் கையில் இருந்தது. உடனே எழுந்து போயிருக்கலாம். ஆனால் பெண் வருவாள் என்றார்களே. வந்ததும் ஒரே ஒரு முறை பார்ப்பது, பிறகு மூடியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவது. இதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள். டிப்பைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். தாத்தா ஒருவர் ஆப்பிளை விட்டுவிட்டு மிட்டாயை முக்கித் தின்றார். யாரும் என்னிடம் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைக் கேட்பதைவிட நாக்கை அறுத்துக்கொள்வது எளிது.

பக்கத்துப் புல்வெளியைக் குறுக்கே தாண்டி ஒரு பெண் வந்தாள். மஞ்சள் கவுன், செருப்பைக் கையில் பிடித்திருந்தாள், கறுத்த முடி. சிவந்த முடி இல்லை என்றதும் நான் கண்ணைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டேன்.

"என்னடா, உன் வீட்டு விருந்தை விட்டுட்டு இங்க என்ன பண்ற?" என்றாள் டெப்.

"தப்பிச்சு வந்துட்டேன். பத்தே நிமிஷம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." அவள் வாயில் ஆப்பிள் போகும் சத்தம் கேட்டது. உடனே இன்னொன்று. "ஐயோ. யார் செஞ்சது இது?"

"தெரியலையே. காலையிலேர்ந்து எத்தனை பாத்திரம் வாங்கி வெச்சேன், எது யாருதுன்னு ஞாபகம் இல்ல." டெப் கிண்ணத்தை ஒரு பக்கமாகத் தூக்கிக் குனிந்து அடியைப் பார்த்தாள். "பேரே ஒட்டல பாரேன். பேரில்லாம யாராவது பாத்திரம் கொண்டு வருவாங்களா? கோர்டி ஆளுங்களாத்தான் இருக்கும்."

"எங்க ஆளுங்க டிப் செஞ்சா உப்புத்தான் இருக்கும்," என்றார் கோர்டி.

அந்தப் பெண் காகிதத் தட்டில் டிப்பை மலைபோல் அள்ளிக்கொண்டு, ஆப்பிள் துண்டுகளையும் குவித்துக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தாள். என்னைப் பார்த்துத் தட்டை நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"எடுத்துக்கோங்க. நான் ஒருத்தியே தின்னா அசிங்கமா இருக்கும்."

ஒரு துண்டை எடுத்து ஓரத்தில் முக்கினேன். காலையிலிருந்து நான் சாப்பிட்ட முதல் வாய் அதுதான்.

"உன் வீட்டுலயும் விருந்தா?" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே.

"ரெண்டு வீடு தள்ளி. பலூன் பாக்கலயா? ஒரே கடை, ஒரே கலர். மெக்கென்சி அங்க எங்க வீட்டுல உக்காந்து கேக் தின்னுட்டு இருக்கா. நான் இங்க அவ வீட்டுல."

"மெக்கென்சியா?"

"இந்த வீட்டுப் பொண்ணு." அவள் ஆப்பிளால் புகைப்பட அட்டையைச் சுட்டினாள். "இத்தனை படம் வெச்சிருக்காங்க, அவளத் தெரியாதா உங்களுக்கு?"

நான் அட்டையைப் பார்த்தேன். சிவந்த முடி. புள்ளிகள். கட்டிலில் சிரிக்கும் டெப். அந்தப் படத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு பெண் தன் பிள்ளையைப் பெற்றிருந்தாள், அவ்வளவுதான். சற்று முன் அந்த அப்பாவிப் பெண்மணியை மனதுக்குள் எதையெல்லாம் செய்தவளாக ஆக்கினேன் என்று நினைத்ததும் கழுத்து வரை சூடேறியது. அந்தச் சூடு அடங்குவதற்குள் அடுத்தது வந்து நின்றது. ரெண்டு வீடு தள்ளி. ஒரே கலர்.

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கையில் பாதி கடித்த ஆப்பிள் இருந்தது.

"ஏன் தப்பிச்சு வந்த?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"ஒருத்தவங்க வரணும். வரல." தோளைக் குலுக்கினாள். "ஒவ்வொரு கார் நிக்கும்போதும் எட்டிப் பாத்துக் கழுத்து சுளுக்கிடுச்சு. எங்க அம்மா வேற என் முகத்தையே பாத்துட்டு இருக்காங்க, நான் அழப் போறேனான்னு. வராட்டி போகட்டும். வரேன்னு எதுக்குச் சொல்லணும்? எனக்கு அதான் எரிச்சல். ஒரு போன் பண்ணி வரலன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு நீச்சல் குளத்துக்குப் போயிருப்பேன்."

அவள் இன்னொரு துண்டை முக்கி வாயில் போட்டாள். தெருவில் ஒரு கார் வேகம் குறைந்தது. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கார் நிற்காமல் போனது. மறுபடி மெல்ல ஆரம்பித்தாள்.

காலையில் நான் ஒரு பேச்சும் தயார் செய்துகொள்ளவில்லை. தயார் செய்திருந்தாலும் அந்த இடத்தில் உதவியிருக்காது. சொல்ல எனக்கு ஒன்றுதான் கிடைத்தது.

"அந்த டிப் நான் செஞ்சது."

"நிஜமாவா?" முழுதாக என் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் கேட்டப்போ ஏன் வாயத் திறக்கல?"

"இந்த வீட்டுக்குன்னு செய்யல. வீடு மாறி வந்துட்டேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அட, இதுக்கா? இங்க எல்லாருக்கும் நடக்கும். போன வருஷம் எங்க அப்பா யாரோ ஒருத்தர் வீட்டுல ரெண்டு தட்டு சாப்பிட்டு, அட்டையும் குடுத்துட்டு வந்தாரு. நீங்க எந்த வீட்டுக்குப் போகணும்?"

"எல்ம் தெருன்னு சொன்னாங்க. நீலமும் வெள்ளையுமா பலூன் இருக்கும், தவறவே மாட்டீங்கன்னு."

"யாரு சொன்னா?"

"லினெட்."

ஆப்பிள் துண்டு பாதி வழியில் நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் கவுனில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. முகத்திலிருந்து சிரிப்பு போகவும் இல்லை, அப்படியே மறந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஜைப் பக்கம் யாரோ ஐஸ் கட்டிகளைக் கொட்டினார்கள்.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

"ரொம்ப நேரம் ஆச்சு."

"இங்கயேவா உக்காந்திருந்தீங்க?"

"இங்கயேதான்."

"நான் அங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "உங்ககிட்டயே உங்கள திட்டிட்டேன்," என்றாள்.

"கொஞ்சம்தான்."

"ரொம்ப திட்டலாம்னு இருந்தேன்."

"திட்டு."

அவள் திட்டவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பேச்சு நின்றுபோனால் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும். அவளுக்கு அந்த அவசரம் இல்லை. தட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வெறும் கால் விரல்கள் சிமெண்டுத் தரையில் சுருண்டு சுருண்டு விரிவதைப் பார்த்தேன். அவள் முகத்தில் எங்கள் தாடை இருக்கிறதா என்று பார்க்கவே மறந்துவிட்டேன். அது எனக்குப் பிற்பாடு, வெகு நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அவள் எழுந்தாள். ஓடிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். ஓடினாலும் நியாயம்தான். அவள் செருப்பைக்கூட எடுக்காமல் நேரே மேஜைக்குப் போனாள். தாத்தாவின் கையைத் தள்ளிவிட்டு என் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஏய் அனிகா!" என்றாள் டெப். "அத எங்கடா தூக்கிட்டுப் போற?"

"இது எங்க வீட்டுக்கு வந்தது, டெப்." என்றாள். "தப்பா உங்க வீட்டுல இறங்கிடுச்சு."

டெப் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "இவங்க உங்க அத்தை பொண்ணுன்னுல்ல நினைச்சேன்!"

"நான் உன் சர்ச் ஆளுன்னு நினைச்சேன்," என்றார் கோர்டி. "உன் பிரசவக் கதைய வேற இவங்களுக்குச் சொன்னியே. யாருன்னே தெரியாமலா சொன்ன?"

"பாத்திரத்தோட வந்தாங்களே!" டெப்பின் முகம் முடியைவிடச் சிவந்துவிட்டது. "பாத்திரத்தோட வந்தவங்கள நீங்க யாருன்னு எப்படிக் கேக்கறது?"

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எதற்கென்று சொல்வது? "அந்தப் படம்," என்றேன், "நல்ல படம்." அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள்.

அனிகா ஷெட் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். கிண்ணத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"வாங்க," என்றாள். "அம்மா தேடுவாங்க."

"ஒரே ஒரு வாய், ஒரே ஒரு வாய்!" என்று கோர்டி மிட்டாயோடு பின்னால் ஓடிவந்து, நடக்கிற கிண்ணத்திலேயே ஒரு முக்கு முக்கிக்கொண்டு போனார். அவள் அதற்காக நிற்கவில்லை.

நான் குனிந்து அவளுடைய செருப்புகளை எடுத்துக்கொண்டேன். ஒரு கையில் செருப்பு, மறு கையில் மூடி. புல்வெளியில் அவள் எனக்கு இரண்டு அடி முன்னால் வெறுங்காலோடு வேகமாக நடந்தாள். கிண்ணத்தின் அடியில், நான் காலையில் பிய்த்த இடத்தில் மிச்சமிருந்த பசை அவள் விரல்களில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு கையை எடுத்துப் பார்த்துவிட்டு, துடைக்காமல், மறுபடி அங்கேயே பிடித்துக்கொண்டாள்.